விஞ்ஞானம் வீதிக்கு வர வேண்டும்

2019ஆம் ஆண்டு ஜூலை மாதம் 12ஆம் தேதி, பாடியை அடுத்த வில்லிவாக்கம் ரயில் நிலையத்துக்கு, ஜோலார்பேட்டையிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் கடந்து, ஐம்பது வேகன்களில் ஏறத்தாழ 25 லட்சம் லிட்டர் குடிநீரைச் சுமந்துகொண்டு ஒரு ரயில் வந்து சேர்ந்தது. முந்தைய ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததனால் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு வெடித்துக் கிடக்க, காவிரி நீரை இருப்புப்பாதை வழியே தருவித்துக் குழாய்களின் மூலம் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்துக்கு அனுப்பி சென்னை நகரத்தின் தாகத்தைத் தணிக்க வேண்டிய நிர்ப்பந்தம் அரசாங்கத்துக்கு ஏற்பட்டிருந்தது. இதே நகரந்தான், அதற்கு நாலு வருஷங்களுக்கு முன், 2015 டிசம்பரின் முதலிரண்டு நாட்களில், தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டிய பெருமழையில் முழுகித் தத்தளித்தது. ரயில் வந்து நாலு வருஷங்கள் கழிந்தபின், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொணர்ந்த மழையில், அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்து, கடன் வாங்கித் தொழில் நடத்தும் சிறு பட்டறைக்காரர்களின் லேத்துகளையும் மோட்டார்களையும் நீரில் நிற்க வைத்தது.

வெள்ளம், வறட்சி, மறுபடியும் வெள்ளம் என்று எட்டு வருஷ காலத்துக்குள் இவ்வளவையும் அனுபவித்த மேற்குச் சென்னைவாசிகளுக்குக் காலநிலையைப் பற்றி யாரும் புதிதாக உபதேசம் செய்ய வேண்டியதில்லை என்று தோன்றலாம். ஆனால், பூமி வெப்பமடைந்தால் மழை எப்படி மாறும், கடல் எப்படி உயரும், கோடை எப்படிக் கடுமையாகும் என்று ஆராய்ந்து பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சி நிலையங்களும் குவித்து வைத்திருக்கும் அறிவு, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா போன்ற பாடித் தொழிற்சாலைகளில் ஷிப்டு முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் தொழிலாளியிடமும், அவருடைய வார்டு கவுன்சிலரிடமும், அவர் வீட்டு வாசலில் ஓடும் மழைநீர் வடிகாலுக்கு அளவு குறித்த பொறியாளரிடமும் எந்த உருவத்தில் வந்து சேர்கிறது என்று கேட்டுப் பார்த்தால், நம்முடைய பெருங்குறை எங்கே இருக்கிறது என்பது விளங்கும். ஓர் ஆராய்ச்சி முடிவு, அது யாரைத் தொடுகிறதோ அவருடைய அளவையில், அவருடைய பாஷையில், அவர் காரியம் செய்வதற்கு அவகாசம் இருக்கும்போதே வந்து சேர வேண்டும். அப்படிச் சேர்ப்பிப்பது ஆராய்ச்சி முடிந்தபின் ஒழிந்த நேரத்தில் செய்யும் தர்ம காரியமன்று. ஆராய்ச்சியின் ஒரு பகுதியே அதுதான்.

அறிந்ததும் அறிவித்ததும்

காலநிலை விஞ்ஞானம் நேற்றுப் பிறந்த சாஸ்திரம் அன்று. காற்றில் சிறிதளவே உள்ள சில வாயுக்கள் வெப்பத்தைத் தடுத்து நிறுத்தும் இயல்புடையவை என்பதை ஜான் டிண்டல் என்ற அயர்லாந்து நாட்டு விஞ்ஞானி 1859இல் பரிசோதனையால் நிறுவினார். நிலக்கரியை எரிப்பதால் கரியமில வாயு பெருகி உலகம் வெப்பமடையும் என்பதை ஸ்வீடன் தேசத்து அரீனியஸ் 1896இல் கணக்கிட்டுக் காட்டினார். 1958இல் சார்லஸ் கீலிங் என்பவர் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலைமீது அந்த வாயுவை அளக்கத் தொடங்கியபோது, பத்து லட்சம் பங்கு காற்றில் 315 பங்காக இருந்த அது, இன்று 420 பங்கையும் தாண்டிவிட்டது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ ஏழு சதவீதம் கூடும் என்பது பௌதிக விதி. ஆகையால், மேகம் கொட்டும்போது முன்னிலும் கனமாகக் கொட்டுவதற்கு இடமுண்டு.

இவ்வளவும் தெரிந்திருந்தும், அமெரிக்க செனட் சபையின் குழுவொன்றின் முன் ஜேம்ஸ் ஹான்சன் என்ற விஞ்ஞானி 1988ஆம் ஆண்டு ஜூன் மாதம் நேரில் வந்து, வெப்பமயமாதல் தொடங்கிவிட்டது என்று ஐயமறச் சாட்சியம் கூறிய பின்னரே அந்த விஷயம் உலகப் பத்திரிகைகளின் முதற்பக்கத்துக்கு வந்தது. அதே ஆண்டில்தான், உலக நாடுகளின் அரசாங்கங்களுக்கு ஆராய்ச்சியின் சாரத்தைத் தொகுத்துக் கொடுப்பதற்காக ஐ.பி.சி.சி. என்று அழைக்கப்படும் சர்வதேசக் குழு ஏற்படுத்தப்பட்டது. அந்தக் குழு வெளியிடும் ஆயிரக்கணக்கான பக்கங்களுள்ள அறிக்கைகளுக்கு முன்னால், ஆட்சி செய்வோருக்கென்றே ஒரு சுருக்கம் வைக்கப்படுகிறது. எல்லா நாட்டுப் பிரதிநிதிகளும் கூடி உட்கார்ந்து, வரி வரியாகப் படித்து ஒப்புக்கொண்ட பிறகே அது வெளியாகிறது. இந்த ஏற்பாடு மிகுந்த காலதாமதத்தையும் சில சமயம் வாதங்களையும் உண்டாக்குவது உண்மையே. ஆயினும், ஒப்புக்கொண்ட வாக்கியத்தை எங்களுக்குத் தெரியாது என்று பின்னர் எந்த அரசாங்கமும் தள்ளிவிட முடியாதபடி செய்வதால், அறிவித்தல் என்ற காரியத்துக்கு அது ஒரு சிறந்த முன்மாதிரியாகும்.

எண்களை ஊர் அளவையில் சொல்லுதல்

ஆட்சியாளருக்கு ஒரு சுருக்கம் உண்டென்றால், பாடி வாசிக்கு எது சுருக்கம்? அண்ணா பல்கலைக்கழகத்தின் காலநிலை மாற்ற ஆய்வாளர்களின் கணக்கைக் கொண்டு தயாரான தமிழ்நாட்டுச் செயல்திட்டம், 1970 முதல் 2000 வரையிலான காலத்தோடு ஒப்பிட்டால் இந்த நூற்றாண்டின் இறுதியில் மாநிலத்தின் அதிகபட்ச வெப்பநிலை சராசரியாக 3.1 டிகிரி உயரக்கூடும் என்று தெரிவித்தது. காலையில் 27 டிகிரியும் பிற்பகலில் 38 டிகிரியும் கண்டு பழகிய நமக்கு மூன்று டிகிரி என்பது அற்பமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால், சென்னையின் ஈரக்காற்றில் வியர்வை உலர மறுக்கும்போது உடல் தன் சூட்டை வெளியேற்றும் மார்க்கமே அடைபட்டுப் போகிறது என்பதையும், அந்த நிலையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் அடுப்புச் சூட்டோடு எட்டு மணி நேரம் நிற்பவருக்கு ஒவ்வொரு டிகிரியும் நெஞ்சையும் சிறுநீரகத்தையும் வருத்தும் சுமை என்பதையும், சராசரி சற்று உயர்ந்தாலே தாங்க முடியாத நாட்களின் எண்ணிக்கை பன்மடங்கு பெருகும் என்பதையும் எடுத்துச் சொன்னால், அந்த எண்ணுக்கு உயிர் வந்துவிடும்.

நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்ற வழக்கைப் பாருங்கள். 2015க்குப் பின் இதைக் கேட்ட பலர், இனி நம் ஆயுளில் அப்படியொன்று வராது என்று ஆறுதல் அடைந்தார்கள். நிபுணர் சொல்ல வந்ததோ, எந்த ஒரு வருஷத்திலும் அத்தகைய வெள்ளம் வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே. இந்தக் கணக்கின்படி, முப்பது வருஷத் தவணையில் கடன் வாங்கி வீடு கட்டும் ஒருவர், கடனை அடைத்து முடிப்பதற்குள் அப்படியொரு வெள்ளத்தைக் காண்பதற்கு நூற்றில் 26 பங்கு, அதாவது ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. மழையின் குணமே மாறிவருமானால் அந்த வாய்ப்பு இன்னும் கூடும். முதற்சொன்ன விதத்தில் கேட்டவர் நிம்மதியாக உறங்கப் போவார். பின்சொன்ன விதத்தில் கேட்டவர் கடைக்காலை இரண்டடி உயர்த்துவார். உண்மை ஒன்றே, ஆனால் சொல்லும் முறையில் ஒரு குடும்பத்தின் வாழ்வு அடங்கியிருக்கிறது.

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. அது விநாடிக்கு எட்டு லட்சம் லிட்டருக்கும் மேல். குன்றத்தூர் முதல் சைதாப்பேட்டை வரை அடையாற்றின் கரையில் வசித்த மக்களுக்கு அன்று வேண்டியிருந்தது கன அடிக் கணக்கன்று. தண்ணீர் எத்தனை மணிக்கு எந்தத் தெருவுக்கு வரும், வீட்டில் எவ்வளவு உயரம் ஏறும், முதியவர்களை எங்கே அழைத்துப் போவது என்ற மூன்றுக்கும் பதில். அந்த வெள்ளத்தை மனிதரால் விளைந்த அழிவு என்று இந்தியத் தணிக்கைத் துறையின் அறிக்கை குறிப்பிட்டது. 2018இல் அது சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு விஞ்ஞானிகள் சும்மா இருக்கவில்லை. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையமும் மும்பை, சென்னை ஐ.ஐ.டி.க்களும் அண்ணா பல்கலைக்கழகமும் சேர்ந்து, மழை, ஆறு, கடல் அலை மூன்றையும் இணைத்து, எந்தப் பகுதியில் எவ்வளவு நீர் நிற்கும் என்று முன்கூட்டிக் கணிக்கும் ஓர் ஏற்பாட்டைச் சென்னைக்கென்றே உருவாக்கின. அந்தக் கணிப்பு அதிகாரியின் திரையோடு நின்றுவிடாமல் கொரட்டூரின் தெருமுனை வரை வந்து சேரும் நாளில்தான் அவர்களுடைய உழைப்பு முழுப் பயன் பெறும்.

சென்னை மாநகராட்சி 2023 ஜூனில் வெளியிட்ட காலநிலைச் செயல்திட்டம், 2100ஆம் ஆண்டுக்குள் நகரப் பரப்பில் 16 சதவீதம், அதாவது சுமார் 67 சதுர கிலோமீட்டர், கடலில் முழுகக்கூடும் என்கிறது. கடல் நமக்குத் தொலைவில்தானே இருக்கிறது என்று பாடியிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இருப்பவர்கள் எண்ணலாம். ஆனால், மேற்குப் பகுதிகளில் பெய்யும் மழை கூவம், கொசஸ்தலை, அடையாறு ஆகிய ஆறுகளின் வழியாகவே கடல் சேர வேண்டும். முகத்துவாரத்தில் கடல்மட்டம் உயர்ந்து நிற்குமானால் ஆறு வடிவதற்குத் தாமதமாகும். ஆறு வடியத் தாமதமானால் நம் வீதியில் நிற்கும் தண்ணீரும் வடியாது. கடற்கரையின் எண் நம்முடைய எண்ணாவது இப்படித்தான். இந்தச் சங்கிலியை விளக்கிச் சொல்லாத அறிக்கை, எத்தனை துல்லியமாக இருந்தாலும், பாதி அறிக்கையே.

உண்மையும் நம்பிக்கையும்

எளிமையாகச் சொல்வது என்பது மிகைப்படுத்திச் சொல்வதாகிவிடக் கூடாது. 2015 வெள்ளத்தை அடுத்து, டில்லி ஐ.ஐ.டி. விஞ்ஞானியும் இடம்பெற்ற ஒரு சர்வதேசக் குழு, அந்த மழைக்குப் புவி வெப்பமயமாதலே காரணமா என்று ஆராய்ந்து, அந்த ஒரு சம்பவத்தில் அதன் பங்கைத் தெளிவாகக் காண முடியவில்லை என்று 2016இல் நேர்மையுடன் அறிவித்தது. எல்லாப் புயலுக்கும் எல்லா வறட்சிக்கும் காலநிலை மாற்றத்தையே குற்றவாளியாக நிறுத்தும் மேடைப் பேச்சுக்கு இது இடைஞ்சலாகத் தோன்றலாம். என் அபிப்பிராயத்தில், விஞ்ஞானத்தின் மதிப்பை உயர்த்துவது இத்தகைய வாக்குமூலமே. ஒரு மழையைப் பற்றிச் சொல்ல முடியாததைச் சொல்ல முடியாது என்று ஒப்புக்கொள்ளும் வாய், உலகமெங்கும் கனமழை தீவிரமடைந்து வருகிறது என்று சொல்லும்போது அதை நம்புவதற்கு நமக்குக் காரணம் கிடைக்கிறது. மேலும், கால்வாயை அடைத்ததும் ஏரியைத் தூர்த்ததும் மனிதர் செய்த பிழைகளாக இருக்க, பழியை வானத்தின்மீது போட்டுவிட்டு அதிகாரிகளும் ஆக்கிரமிப்பாளரும் தப்பித்துக்கொள்வதற்கும் இந்த நேர்மை இடம் கொடுப்பதில்லை.

எச்சரிக்கை யாருக்காகக் கொடுக்கப்படுகிறது என்பதிலும் தெளிவு வேண்டும். 2018 அக்டோபரில் வானிலை ஆய்வு மையம் தமிழ்நாட்டுக்கு ‘ரெட் அலர்ட்’ விடுத்தபோது, ஜனங்கள் பீதியடைந்து கடைகளில் பாலையும் காய்கறியையும் வாங்கிக் குவித்தார்கள். அஞ்சிய அளவு மழை பெய்யவில்லை. அந்தச் சிவப்பு, நிர்வாகத்தினர் நடவடிக்கையில் இறங்க வேண்டும் என்பதற்கான குறியீடு என்று பிற்பாடு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நான்கு வர்ணங்களும் இன்று தொலைக்காட்சியில் தினந்தோறும் ஒளிர்கின்றன. ஒவ்வொரு வர்ணத்துக்கும் வீட்டிலிருப்பவர் செய்ய வேண்டிய காரியம் இன்னதென்பதைப் பள்ளிச் சிறுவனும் அறியும்படி செய்திருந்தால் அந்தக் கலவரம் நேர்ந்திராது.

ஆட்சியாளரின் காது

ஆட்சியாளருக்குச் சொல்லும் முறை வேறு. விஞ்ஞானி நூறு வருஷத்தைக் கண்முன் வைத்து நிகழ்தகவில் பேசுகிறார். அமைச்சரோ ஐந்து வருஷத்தையும், அதிகாரி வருகிற மார்ச் 31ஆம் தேதியையும் முன்னிட்டு ரூபாயில் சிந்திக்கிறார்கள். இது அவர்களுடைய குற்றமன்று, பதவியின் இயல்பு. ஆகவே, எவ்வளவு செலவு, செய்யாவிட்டால் எவ்வளவு நஷ்டம், எந்தத் துறை எந்த மாதத்தில் செய்ய வேண்டும் என்ற உருவத்தில் ஆராய்ச்சி அவர்கள் மேஜைக்குப் போக வேண்டும். அவ்விதம் போனால் பலன் உண்டு என்பதற்குத் தமிழ்நாடே சாட்சி. முதலமைச்சரைத் தலைவராகக் கொண்ட காலநிலை மாற்ற நிர்வாகக் குழு 2022இல் அமைக்கப்பட்டு, அவ்வாண்டு டிசம்பரில் தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கமும் தொடங்கப்பட்டது. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அரசு அறிவித்து, அதனால் உயிரிழப்போரின் குடும்பத்துக்கு நாலு லட்சம் ரூபாய் நிவாரணம் அளிக்க வழி செய்தது. வெயில் கொடுமை என்று தலைமுறை தலைமுறையாக நாம் சொல்லிவந்த துன்பம், ஆராய்ச்சியின் மொழியிலிருந்து அரசாணையின் மொழிக்கு மாறியதால், ஏழைத் தொழிலாளியின் உரிமையாக ஆயிற்று.

ஆனால், அரசு பெற்றுக்கொண்ட அறிவைப் பிரஜைகளுக்குத் திருப்பித் தருவதில் இன்னும் தயக்கம் நீங்கவில்லை. சென்னைப் பெருநகரின் வெள்ள அபாயத்தைக் குறைக்க ஆலோசனை கூற 2021இல் நியமிக்கப்பட்ட, ஓய்வு பெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையிலான குழு, 2023 மார்ச்சில் தன் அறிக்கையை முதலமைச்சரிடம் அளித்தது. மிக்ஜாம் வெள்ளம் வடிந்தபோது, அந்த அறிக்கையை மக்கள் பார்வைக்கு வையுங்கள் என்ற கோரிக்கை நாலாபுறமும் எழுந்தது. மத்திய அரசின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு 2020இல் வெளிவந்தபோது, அது ஆங்கிலத்திலும் இந்தியிலுமே இருந்தது. அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் அதை வெளியிட வேண்டும் என்று டில்லி உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஜூன் 30ஆம் தேதி உத்தரவிட நேர்ந்தது. அந்த உத்தரவை எதிர்த்து மத்திய அரசு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஒருவருடைய கிணற்றையும் வயலையும் மூச்சுக்காற்றையும் பாதிக்கும் ஒரு சட்டத்தை அவருக்குப் புரியும் பாஷையில் தருவதற்கு நீதிமன்றம் தலையிட வேண்டியிருப்பது ஜனநாயகத்துக்கு அழகன்று.

நாம் முன்பே செய்து காட்டியது

மக்களுக்குப் புரியாது என்று சொல்பவர்களுக்கு நம் நாட்டுச் சரித்திரமே மறுமொழி. 1960களில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ஆடுதுறை 27 என்ற நெல்லைப் பற்றித் திருச்சி வானொலி நிலையம் விவசாயிகளின் பேச்சில், விவசாயிகளின் நேரத்தில், நாள்தோறும் எடுத்துச் சொல்ல, தஞ்சை ஜில்லாவின் குடியானவர்கள் அதை வாங்கி விதைத்து, ரேடியோ நெல் என்றே அதற்குப் பேரும் வைத்தார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுவையில் ஏற்படுத்திய கிராம அறிவு மையங்களில், வீராம்பட்டினத்து மீனவர்களுக்காக, அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்துத் தமிழில் மாற்றி, ஒலிபெருக்கியில் தினமும் அறிவித்தார்கள். 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தபோது, சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் சொன்ன எச்சரிக்கை, நல்லவாடு கிராமத்தில் அத்தகைய மையத்தின் ஒலிபெருக்கி வழியாக ஒலித்து, ஊர் மக்களைக் கரையினின்று அகற்றிக் காப்பாற்றியது. தினமும் பழகிய குரலாக இருந்ததனால்தான் ஆபத்து வேளையில் அதை நம்பி ஜனங்கள் ஓடினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். சென்னை வானிலை மையத்தில் பணியாற்றி 2016இல் ஓய்வு பெற்ற எஸ்.ஆர். ரமணன் அவர்களைத் தமிழகத்தின் ஒவ்வொரு வீடும் தன் உறவினராகப் பாவித்ததும், அவர் காற்றழுத்தத் தாழ்வு நிலையைப் பற்றித் தெளிந்த தமிழில், நிதானம் தவறாமல், பல வருஷங்கள் தொடர்ந்து பேசியதனாலேயே.

அறிவு ஒரு திசையில் மட்டும் பாய்வதும் போதாது. அம்பத்தூர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் கொரட்டூர் ஏரிக்கும், அது நிரம்பினால் மாதவரத்துப் பக்கமும் நீர் போகும் என்ற ஏரித் தொடரின் நியதியும், அந்த வரத்துக்கால் எங்கே குறுகிப்போயிற்று, எங்கே ஆலைக் கழிவு கலக்கிறது என்ற விவரமும் செயற்கைக்கோள் படத்தைவிட அங்கே வாழ்கிறவர்களுக்கே நன்றாகத் தெரியும். கொரட்டூர் ஏரி பாதுகாப்பு மக்கள் இயக்கத்தினர் கழிவுநீர்க் கலப்பை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்று போராடியது இந்த அறிவின் பலத்தினால்தான். விஞ்ஞானியின் வரைபடமும் ஊர்க்காரரின் நினைவும் ஒரே மேஜையில் சந்தித்தால் இரண்டுமே திருத்தம் பெறும். பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், உத்தரமேரூர்ச் சபையார் ஏரி வாரியத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைச் சபை கூடும் இடத்தின் சுவரிலேயே கல்லில் வெட்டி வைத்தார்கள். ஏரியைப் பற்றிய தீர்மானம் ஊரார் கண்முன் இருக்க வேண்டும் என்ற அந்த விவேகம் நமக்குப் பிதிரார்ஜிதம்.

சித்திரை முதல் நாளில் கோயில்களில் பஞ்சாங்கம் படித்து, அந்த வருஷத்துக்கு எத்தனை மரக்கால் மழை என்று கேட்டறிவது நம் ஊர்களின் வழக்கம். திருவலிதாயம் என்று தேவாரம் பாடும் பாடித் திருக்கோயிலைச் சுற்றி வாழும் நம்மைப் போன்றவர்களுக்கு, வருங்கால மழையைப் பற்றி ஊர் கூடிக் கேட்பது புதிய பழக்கமாக இராது. நகரங்களில் 2022 நவம்பர் முதல் தேதி தொடங்கி ஏரியா சபைகள் கூடுவதற்கு இப்போது சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன், வார்டு தோறும் அந்தச் சபை கூடி, சென்ற ஆண்டு நம் தெருக்களில் எவ்வளவு நீர் எத்தனை நாள் நின்றது, இவ்வாண்டு எந்த வடிகால் தூர்வாரப்பட்டது, எது படவில்லை, நம் பகுதிக்கு ஆய்வாளர் கணித்திருப்பது என்ன, எச்சரிக்கை வந்தால் யார் எங்கே போக வேண்டும் என்று ஒரு பல்கலைக்கழக ஆய்வாளரும் ஒரு மாநகராட்சிப் பொறியாளரும் நேரில் வந்து தமிழில் படிக்கட்டும். ஜனங்கள் கேள்வி கேட்கட்டும். கேள்விகளும் பதில்களும் பதிவாகி அடுத்த ஆண்டுச் சபையில் முதலில் படிக்கப்படட்டும். இதற்குப் பெரிய நிதி வேண்டாம், புதிய சட்டம் வேண்டாம். ஆராய்ச்சிக்குக் கிடைக்கும் மானியத்தில் ஒரு சிறு பங்கை இதற்கென்று ஒதுக்குவதும், ஆய்வாளரின் பதவி உயர்வுக்கு அவர் எழுதிய கட்டுரைகளோடு அவர் ஊருக்குச் சொன்ன உரைகளையும் கணக்கில் எடுத்துக்கொள்வதும் போதும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களின் ஒவ்வொரு கவுன்சிலரிடமும் இதைக் கேட்டுப் பெறுவது வாக்களிக்கும் நம் ஒவ்வொருவருடைய கடமை. அடுத்த சபைக் கூட்டத்திலேயே அந்தக் கேள்வியை எழுப்புவோமாக.